பினாங்கு: கையில் காசு குறைவாக இருக்கும்போதே போய்விட வேண்டிய தீவு

பினாங்கு என்று யாராவது வாயெடுத்தால் போதும், என்னை நிறுத்த முடியாது. அலுவலகத்தில் பாதிப் பேர் என்னைக் கண்டாலே, "ஐயோ, மறுபடியும் லக்சா கதையா?" என்று நழுவுகிறார்கள். போகட்டும், அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. நீங்கள் உட்காருங்கள். ஒரு வார இறுதியோடு இரண்டு நாள் விடுப்பைச் சேர்த்து, இருக்கிற சேமிப்பில் கடல் தாண்டிப் போய், வயிறும் மனசும் நிறைந்து திரும்ப ஒரு வெப்பமண்டலத் தீவு உண்டென்றால் அது பினாங்குதான். இதில் என்னோடு சண்டைக்கு வர நினைப்பவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தீவுச் சுற்றுலா என்றாலே கண்ணாடிபோலத் தண்ணீர், தண்ணீர்மேல் மரவீடு, ஓர் இரவுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று பயந்தே பலர் ஆசையை அடக்கிக்கொள்கிறார்கள். பினாங்கில் அந்தப் பயமே வேண்டாம். அந்தத் தீவின் மிக ருசியான சாப்பாடு தெருவோரத்தில் இருக்கிறது. மிக அழகான கட்டடங்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில் நிற்கின்றன. மலை, கோயில், கடற்கரை எல்லாவற்றுக்கும் நகரப் பேருந்து போகிறது. பென்ஸ் காரில் வந்தவரும் அதே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்துதான் நூடுல்ஸ் சாப்பிட வேண்டும். அதிகமாகச் செலவழித்தால் அதிகமாகக் கிடைக்கும் என்பது அங்கே செல்லாது. இதைவிடச் சிக்கனக்காரர்களுக்கு என்ன வேண்டும்?

மலேசியாவின் வடமேற்குக் கரையை ஒட்டி, 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான பரப்பில் இருக்கிறது தீவு. தலைநகர் ஜார்ஜ் டவுன். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து சீனர், மலாய்க்காரர், தமிழர், ஆர்மீனியர், அச்சேகாரர் என்று எல்லாரும் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவரவர் கோயிலையும் அவரவர் அடுப்பையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தக் கலவைதான் காரணம். நமக்கும் புதிய ஊர் இல்லை. 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை நம் தாத்தாக்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

போய்ச் சேர்வது

ரஜூலாவில் நாள்கணக்கில் போன ஊருக்கு இப்போது சுமார் நான்கு மணி நேரம். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. குறுகிய பயணத்துக்கு இதுதான் வரம். ஒரு நாள்கூட வழியில் வீணாவதில்லை.

திருச்சிக்காரர்கள் கோலாலம்பூர் போய் அங்கிருந்து போகலாம். இதையும் நான் குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இந்த வழியில்தான் படகு கிடைக்கும். கோலாலம்பூரிலிருந்து ரயில் பிடித்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், பேருந்து என்றால் ஐந்து மணி நேரம், இரண்டும் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் கொண்டுவந்து விடும். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. 2023-இல் வந்த புதிய படகுகளில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் தீவு. கட்டணம் இரண்டே வெள்ளி. (ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே கேளுங்கள், கடைக்காரர் முகம் மலரும்.) படகின் முன்பக்கம் நின்றால் ஜார்ஜ் டவுனின் ஓட்டுக் கூரைகளும் பின்னால் பச்சை மலையும் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். அந்த இரண்டு வெள்ளிக்கு அந்தக் காட்சி கொள்ளை மலிவு!

விசா தலைவலியும் இல்லை. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரை தங்க மலேசியா அனுமதிக்கிறது, இப்போதைய அறிவிப்பின்படி 2026 கடைசி வரை இந்தச் சலுகை உண்டு. பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் கெடு, திரும்பி வரும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிட வேண்டும். அது முற்றிலும் இலவசம், யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

எப்போது போகலாம்? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் நன்றாகக் கொட்டும். ஜூன், ஜூலையில் போனால் டுரியான் பழக் காலம். தைப்பூசத்துக்குப் போனால் ஊரே திருவிழா, ஆனால் அறைக்கு முன்கூட்டியே துண்டு போட்டுவிட வேண்டும்.

எங்கே தங்குவது

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: பழைய ஜார்ஜ் டவுனுக்குள் தங்குங்கள். கடற்கரை விடுதி மலிவாகக் கிடைத்தாலும் மயங்காதீர்கள். சூலியா தெரு, லவ் லேன் பக்கம் பழைய சீனக் கடைவீடுகளை அப்படியே விடுதியாக்கியிருக்கிறார்கள். ஒரே கூடத்தில் அடுக்குக் கட்டில் என்றால் 30, 40 வெள்ளிக்கே கிடைக்கும். இருவருக்கான எளிய குளிர்சாதன அறை 100 வெள்ளி அளவில் வரும். வெளிநாட்டவரிடம் அறைக்கு ஓர் இரவுக்குச் சுற்றுலா வரி 10 வெள்ளி தனியாக வாங்குவார்கள், மாநிலத்துக்கென்று இன்னும் சில வெள்ளி. இதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் கடைசியில் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

நானும் அண்ணியும் தங்கியது அப்படியொரு கடைவீட்டில்தான். மரப்படி கிறீச்சிடும், நடுவில் வானம் பார்த்த முற்றம், சாய்ந்து திறக்கும் மரச் சன்னல். செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்த அண்ணி முற்றத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "நம்ம வளவு மாதிரியே இருக்கு பாரு" என்று தூணைத் தடவிக்கொண்டிருந்தவரைக் குளிக்க அனுப்புவதற்குள் எனக்குப் பசி உயிர் போனது.

நடை, நடை, நடை

பினாங்கில் விடிவது தாமதம். நம் நேரத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருந்தாலும் அங்கே ஏழரை மணி போலத்தான் நன்றாக வெளிச்சம் வருகிறது. அந்த நேரத்தில் வெல்ட் கீ கடற்கரைக்குப் போய்விடுங்கள். சீனக் குடும்பத்தார் கடலுக்குள்ளேயே மரக்கால் நட்டு வீடு கட்டிக் குடியிருக்கும் துறைகள் அங்கே வரிசையாக உண்டு. ஒவ்வொரு துறைக்கும் ஒரு குலப்பெயர். பெரியது சூ துறை. பலகைப் பாதை நேராகக் கடலுக்குள் போகிறது, இருபுறமும் வீடுகள், வாசலில் சிவப்பு ஊதுபத்தி மாடம், கொடியில் துணி. பாதை முடிகிற இடத்தில் நின்றால் காலடியில் அலை, எதிரே பட்டர்வொர்த். டிக்கெட் கிடையாது. மக்கள் வாழ்கிற வீடுகள் என்பதால் குரலைத் தாழ்த்திப் பேசினால் போதும்.

அங்கிருந்து ஆர்மீனியன் தெருவுக்கு நடந்தே வரலாம். லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-இல் வரைந்த 'சைக்கிளில் குழந்தைகள்' சுவரோவியம் இங்கேதான். வரைந்த இரண்டு பிள்ளைகள், சுவரில் பொருத்திய நிஜ சைக்கிள். ஒன்பது மணிக்கு மேல் போனால் படம் எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு வெகுமுன்பே போனால் நீங்களும் ஒரு பூனையும் மட்டும்தான். (பினாங்குப் பூனைகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம், அடக்கிக்கொள்கிறேன்.)

வெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பழைய கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரையிட்ட நடைபாதை வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகிறது. வெயிலும் படாது, திடீரென்று கொட்டுகிற மழையும் நனைக்காது. தரையில் பூவேலைப்பாடு ஓடுகள், ஒரு கடையில் சாமிப் படச் சட்டம், அடுத்ததில் பிரம்புக் கூடை, அதற்கடுத்ததில் சவப்பெட்டி. இந்த நடைபாதைக்காகவே நகரத்தைக் கட்டித் தழுவிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதன்பிறகு நான் மெய்ம்மறந்துபோன தெரு. பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட், இப்போது ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கிளிங். ஒரு முனையில் 1818-இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், வெள்ளைத் தூண்களோடு. சில எட்டில் குவான் யின் அம்மன் கோயில், ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும். அதைத் தாண்டினால் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில், கோபுர வாசல் பின்தெருவான குயின் தெருவைப் பார்த்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் முகைதீன் மரைக்காயர் நிறுவிய கபித்தான் கிளிங் பள்ளிவாசல். எல்லாம் ஒரே தெருவில், பத்து நிமிட நடையில். சூலியா தெருவில் நம் நாகூர் தர்காவை நினைத்துக் கட்டிய ஒரு சிறு தர்காவும் உண்டு. ஒரு இடத்திலும் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. முழங்கால் மறைய உடுத்தி, தலைக்கு ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் எங்கும் தடையில்லை.

நடந்து களைத்தால் ஜார்ஜ் டவுனுக்குள் சுற்றும் இலவசப் பேருந்து இருக்கிறது, கேட் என்று எழுதியிருக்கும். ஏறி உட்கார்ந்து குளிர்காற்று வாங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கலாம். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

சாப்பாடு! சாப்பாடு! சாப்பாடு!

இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். பினாங்குக்குப் போகிறவர்கள் நேரத்தை மணியால் கணக்கிட வேண்டாம், பசியால் கணக்கிடுங்கள். வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒரு நாளைக்கு ஆறு வேளையாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

காலையில் கோப்பித்தியாம், அதாவது பழைய சீனக் காப்பிக் கடை. பளிங்கு மேசை, சுழலும் விசிறி, கரி அடுப்பில் சுட்ட ரொட்டியில் வெண்ணெயும் காயா எனும் தேங்காய்ப்பால் முட்டை ஜாமும், பக்கத்தில் அரைவேக்காட்டு முட்டை. காப்பி கேட்கும் முறை தெரிந்துகொள்ளுங்கள்: கொப்பி என்றால் டின்பால் ஊற்றிய இனிப்புக் காப்பி, கொப்பி ஓ என்றால் சர்க்கரை போட்ட கடுங்காப்பி, கொப்பி ஓ கோசோங் என்றால் சர்க்கரையும் இல்லாதது. கும்பகோணம் டிகிரி காப்பியில் ஊறிய அண்ணி முதல் வாய் குடித்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது நாள் "எனக்கும் ஒரு கொப்பி ஓ" என்று அவரே கல்லாவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். இதைவிடப் பெரிய சான்றிதழ் என் வீட்டில் கிடையாது.

நாசி கண்டார் சாப்பிடாமல் திரும்பினால் நீங்கள் பினாங்குக்குப் போகவே இல்லை என்று நான் சொல்லிவிடுவேன். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் தண்டு வைத்து, ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று சுமந்துபோய்த் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு இது. அந்தத் தண்டுதான் கண்டார். கேம்பல் தெருவில் ஹமீதியா கடை 1907-இலிருந்து இருக்கிறது. பினாங்கு ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கும் லைன் கிளியர் கடையில் நள்ளிரவிலும் வரிசை. தட்டில் சோறு, அதன்மேல் கோழி, இறால், கணவாய், மீன்தலை, வெண்டைக்காய் என்று நீங்கள் காட்டக் காட்ட விழும். பிறகு ஐந்தாறு குழம்புகளை ஒவ்வொரு கரண்டியாகக் கலந்து ஊற்றுவார்கள். "பஞ்சிர்" என்று சொன்னால் வெள்ளம்தான், சோறு மூழ்கும்வரை குழம்பு. அந்தக் கலவையில் எந்த மசாலா எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு அன்று முழுவதும் விரலை மோந்துகொண்டிருந்தேன். வெட்கமாக இல்லை.

ஒரு முக்கியமான குறிப்பு. கலந்து ஊற்றும் குழம்பில் மாட்டுக்கறிக் குழம்பும் இருக்கும். சாப்பிடாதவர்கள் தட்டை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், தமிழிலேயே சொல்லலாம். தட்டில் என்னென்ன எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை 8 வெள்ளியிலும் முடியும், பெரிய இறாலைக் கண்டு கை நீட்டினால் 25 வெள்ளிக்கும் போகும். எடுத்ததும் விலை கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது அசாம் லக்சா. கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, புளி கரைத்து, இஞ்சிப்பூவும் புதினாவும் அன்னாசியும் வெங்காயமும் போட்டு, தடித்த அரிசி நூடுல்ஸ்மேல் ஊற்றி, ஓரத்தில் ஒரு கரண்டி கறுத்த இறால் பசை. முதலில் புளிப்பு, பிறகு காரம், பிறகு அந்த இறால் பசையின் இனிப்பான உப்பு, எல்லாவற்றுக்கும் மேலே பூவின் மணம். நம் மீன் குழம்பைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது தூரத்து உறவு, முதல் சந்திப்பிலேயே ஒட்டிக்கொள்ளும். மலைக்குப் போகும் வழியில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் சாப்பிடுங்கள்.

சார் குவே தியாவ், கரி அடுப்பில் கொழுந்துவிட்டு எரிகிற தீயில், ஒரு நேரத்துக்கு ஒரு தட்டு என்று வறுத்துத் தருகிற அகல நூடுல்ஸ். இறாலும் சிப்பியும் முட்டையும் முளைப்பயறும் போட்டு, இரும்புச்சட்டியின் புகைமணத்தோடு வாழையிலைமேல் வரும். சீனர் கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு, வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளவும். வெயில் நேரத்தில் பினாங்கு ரோடு சந்தில் செண்டோல்: துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறச் சேமியாப் புழுக்கள், சிவப்பு ராஜ்மா. சந்திலேயே நின்றபடி குடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. ஜாதிக்காய் விளைகிற தீவு என்பதால் ஜாதிக்காய் ஜூஸ் எங்கும் கிடைக்கும். அதையும் விடாதீர்கள்.

அண்ணி சுத்த சைவம். தனக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று கவலைப்பட்டு, கிளம்பும்போது ஒரு பை நிறைய தேப்லாவும் புளிசாதப் பொடியும் எடுத்து வைத்திருந்தார். அதில் பாதி பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. ஜார்ஜ் டவுனின் குட்டி இந்தியா வட்டாரத்தில் வாழையிலைச் சாப்பாடு, தோசை, இட்லி எல்லாம் உண்டு. அதற்கு மேல், சீன பௌத்தர்களின் சைவக் கடைகள். சோற்றின்மேல் வேண்டியதை எடுத்துப் போட்டுக்கொண்டு போய் நீட்டினால் தட்டைப் பார்த்து விலை சொல்வார்கள், பெரும்பாலும் 10 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பாகற்காயும் காளானும் சோயாப் பாலாடையும் அண்ணி இரண்டாம் முறை எழுந்துபோய்ப் போட்டுக்கொண்டு வந்தார். "ஏண்டி, இதை நம்மூர்ல ஏன் யாரும் செய்யறதில்ல?" என்பது அவருடைய நிரந்தரக் கேள்வியாகிவிட்டது.

குட்டி இந்தியாவில் தேநீர்க் கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்ததுமே, "எந்த ஊருக்கா? சாப்டாச்சா? தே தாரிக் போடவா, தப்பாவா இல்ல இங்கயே குடிக்கிறீங்களா?" என்றார். தே தாரிக் என்றால் இழுத்து ஆற்றிய பால் தேநீர், தப்பாவ் என்றால் கட்டிக் கொடுப்பது. பிளாஸ்டிக் பையில் சூடான தேநீரை ஊற்றி, வாயைக் கட்டி, உறிஞ்சுகுழல் செருகித் தருகிறார்கள். அவருடைய பாட்டி தஞ்சாவூர்ப் பக்கமாம். அவர் இதுவரை இந்தியா வந்ததில்லை. ஆனால் நேற்று வெளியான தமிழ்ப் படத்தின் பாட்டுத்தான் கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு உலாவுக்குச் சில விதிகள். மேசையில் உட்கார்ந்து அதன் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு தள்ளுவண்டியில் போய்ச் சொன்னால் கொண்டுவந்து தருவார்கள், காசு அப்போதே கொடுத்துவிட வேண்டும். மேசைக்குச் சொந்தமான கடையில் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவது வழக்கம். பல வண்டிக்காரர்கள் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை எடுப்பார்கள், ஆளுக்கொரு நாள். அதனால் பிடித்த கடை மூடியிருந்தால் அசராமல் பக்கத்துக் கடைக்குப் போங்கள். அதுவும் அபாரமாகத்தான் இருக்கும்.

மலைக்கு ஒரு நாள்

கொம்தார் கோபுரத்தடியிலோ படகுத்துறையிலோ 204-ஆம் எண் பேருந்தில் ஏறினால் பினாங்கு மலை அடிவாரம். கட்டணம் சுமார் இரண்டு வெள்ளி. ஓட்டுநர் சில்லறை தர மாட்டார், சரியான காசு வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஆயர் ஈத்தாமில் இறங்கினால் கெக் லோக் சீ பௌத்தக் கோயில். 1890-களில் தொடங்கிக் கட்டிக்கொண்டே போகிறார்கள். மலைச்சரிவு முழுக்கக் கூரைமேல் கூரை. சீன, தாய்லாந்து, பர்மியப் பாணி மூன்றும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பகோடா. அதற்கும் மேலே 36.5 மீட்டர் உயரத்தில் குவான் யின் வெண்கலச் சிலை. கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி வலித்துவிட்டது. சீனப் புத்தாண்டை ஒட்டிப் போனால் கோயில் முழுக்க விளக்கேற்றியிருப்பார்கள்.

பினாங்கு மலைக்கு 1923-இலிருந்து இழுவை ரயில் ஓடுகிறது. இப்போதுள்ள பெட்டிகள் 2011-இல் வந்தவை. செங்குத்தான சரிவில் சர்ரென்று ஏறும்போது காது அடைக்கும். வெளிநாட்டவருக்குப் போய்வர 30 வெள்ளி அளவில் ஆகும், நம் பயணத்தின் சற்றே பெரிய செலவுகளில் இதுவும் ஒன்று. அதையும் மிச்சப்படுத்த வேண்டுமானால் தாவரவியல் பூங்காவிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தார்ச்சாலை மேலே போகிறது, முழங்கால் சம்மதித்தால் நடக்கலாம். உச்சியில் காற்று குளுகுளுவென்று இருக்கும். அங்கே ஒரு முருகன் கோயில்! பக்கத்திலேயே பள்ளிவாசல். கீழே நகரமும் கடலும் அதைக் கடக்கும் 13.5 கிலோமீட்டர் பாலமும். சூரியன் சாய்ந்து விளக்குகள் எரியத் தொடங்கும்வரை இறங்கவே மனம் வரவில்லை.

முருகன் என்றால் தண்ணீர்மலையைச் சொல்லாமல் எப்படி? தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில் 513 படி ஏறினால் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில். காலை வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். அடிவாரத்துக்குச் சற்று முன் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். அண்ணிக்கு அது பிறந்த வீட்டுக் கோயில் மாதிரி, அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். தைப்பூசத்தில் நகரத்திலிருந்து வெள்ளிரதம் இந்தக் கோயிலுக்குத்தான் வருகிறது. வழியெங்கும் மலைபோல் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இலவசம். நாகலிங்க மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுபோன பொட்டலத்தைப் பிரிக்கலாம், குரங்குகளிடம் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள்.

கடற்கரைக்கு அரை நாள்

101-ஆம் எண் பேருந்து வடக்குக் கரையை ஒட்டி வளைந்து வளைந்து பத்து ஃபெரிங்கிக்குப் போகிறது. வலப்பக்கச் சன்னலோர இருக்கையைப் பிடியுங்கள். உண்மையைச் சொல்ல வேண்டும்: இங்கே கடல் மாலத்தீவு நீலம் கிடையாது, சில மாதங்களில் ஜெல்லி மீன்களும் வரும். நீலத் தண்ணீரில்தான் விழ வேண்டும் என்பவர்கள் லங்காவிக்குப் போகலாம். ஆனால் மாலை வேளையில் அந்த மணலில் நடந்து, சுட்ட சோளம் வாங்கித் தின்றுகொண்டு சூரியன் இறங்குவதைப் பார்க்க என்ன குறை? இன்னும் காடும் கடலும் சேர்ந்து வேண்டுமென்றால் அதே பேருந்தில் கடைசி நிறுத்தமான தெலுக் பஹாங் போய், தேசியப் பூங்காவுக்குள் கரையோரக் காட்டுப்பாதையில் குரங்குக் கடற்கரைவரை நடக்கலாம். நுழைவுக் கட்டணம் உண்டு. தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

கணக்கு

ஒரு வெள்ளி நம் பணத்தில் 20 ரூபாய்க்குச் சற்று மேல். இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் தங்க ஆளுக்கு 50 முதல் 60 வெள்ளி, ஆறு வேளைச் சாப்பாட்டுக்கு 40, பேருந்துக்கு 10. ஆக ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 110 வெள்ளி, மலை ரயில் தனி. அடுக்குக் கட்டிலும் கோப்பித்தியாமுமாக ஓட்டினால் இன்னும் குறையும். விமான டிக்கெட்தான் பெரிய தொகை. பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு ஆகியவற்றைத் தவிர்த்து முன்கூட்டியே போட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பணம் மாற்ற விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு, மீதியைக் குட்டி இந்தியாவில் மாற்றுங்கள். வரிசையாகக் கடைகள், பல தமிழ் முஸ்லிம்களுடையவை, விலையைத் தமிழிலேயே பேசி முடிக்கலாம். மின்சாரத்துக்கு மூன்று கட்டைமுள் செருகி வேண்டும், மறக்காதீர்கள். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 401-ஆம் எண் பேருந்து மூன்று வெள்ளிக்குள், இரவு நேரமென்றால் கிராப் செயலியில் வண்டி.

மூன்று இரவு போதுமானது: நகர நடைக்கு ஒரு நாள், மலைக்கும் கோயில்களுக்கும் ஒரு நாள், கடற்கரைக்கும் விட்டுப்போன சாப்பாட்டுக்கும் ஒரு நாள். நான்காவது இரவு கிடைத்தால் பாலிக் புலாவ் பக்கம் போய் வயலையும் ஜாதிக்காய்த் தோட்டத்தையும் பாருங்கள், காலம் சரியாக இருந்தால் மரத்தடியிலேயே டுரியான் தின்னுங்கள். விடுதிக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள், துரத்திவிடுவார்கள்.

"சம்பளம் கூடட்டும், பிறகு போகலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். பினாங்கில் பணம் இருந்தால் செய்ய முடிகிற வேலை குறைவு, பசியும் நல்ல செருப்பும் இருந்தால் முடியாதது எதுவும் இல்லை. இன்றைக்கே பாஸ்போர்ட்டை எடுத்துக் கெடு எதுவரை என்று பாருங்கள். டிக்கெட்டைப் போட்டுவிட்டு எனக்குச் சொல்லுங்கள், லக்சாவை எந்தக் கடையில் சாப்பிட வேண்டும் என்று மேலும் இரண்டு மணி நேரம் பேசத் தயாராக இருக்கிறேன்.